அளந்த பிறகு ஒரு பிடி

பிரசங்கம் முடிகிற பாடாய் இல்லை. "ஆகவே கடைசியாக" என்று போதகர் ஆரம்பித்து வெகு நேரமாயிற்று. அந்தக் கடைசியின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கடைசி வந்தது, அதன் வாலில் ஒரு குட்டிக் கதை தொங்கியது. ஹெப்சிபா மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் போன் இருந்தது. சத்தத்தை அணைத்துத்தான் வைத்திருந்தாள். ஆனாலும் அது எந்த நிமிஷமும் வாய் திறந்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி அவளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு பயம். காட்டிக்கொடுக்க அவள் என்ன திருடினாளா, கொலை பண்ணினாளா? காலையில் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள், அவ்வளவுதான். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கோஆர்டினேட்டர் பெண். பஞ்சு மாதிரி ஒரு குரல் அதற்கு. "மேடம், ரிப்போர்ட் எல்லாம் வந்துருச்சு, நல்லாப் பொருந்துது, உங்க கிட்னியை உங்க அக்காவுக்கு வைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க." பால் பொங்கிக்கொண்டு வந்தது. கையை நீட்டினால் அடுப்பை அணைத்துவிடலாம், நீட்டவில்லை, அது விளிம்பில் ஏறி, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்று, பிறகு வழிந்து அடுப்பையே அணைத்தது. "லைன்ல இருக்கீங்களா மேடம்? நீங்க யோசிச்சு சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேண்டாம்னு தோணினாலும் தப்பில்ல. நிறையப் பேருக்குத் தோணும். பொருந்தலைன்னு நாங்களே உங்க அக்காகிட்டச் சொல்லிருவோம். என்ன ஏதுன்னு யாருக்கும் தெரியாது." யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு வார்த்தையையும் அடுப்பைத் துடைக்கும்போது சேர்த்துத் துடைத்தாள். சேலை கட்டும்போது அவை மறுபடி வந்தன. காரில் கணவன் கில்பர்ட் பழைய கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டியபோது பின்சீட்டில் கைகட்டி உட்கார்ந்திருந்தன. இப்போது கோயிலுக்குள்ளும் வந்து அவள் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டன.

இரண்டு பெஞ்சுக்கு முன்னால் அக்காவின் பிடரி தெரிந்தது. லீதியாள் அக்கா. பண்டிகைக்கென்று எடுத்த புது வெள்ளைச் சேலை. இடது கையை மட்டும் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடக்கிற கை. அந்தத் தடிப்பின்மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் உறுமும் என்று டாக்டர் சொன்னார், தொட்டுப் பாருங்கள் என்றார். ஹெப்சிபா தொடவில்லை. மல்லிகைப்பூ வைத்திருக்கிறாளே, வேர்வையில் அரிக்காதா அவளுக்கு, என்று நினைத்தாள். சிறுநீர் போகாத உடம்புக்கு வேர்வைதான் வழி என்றும் எங்கோ படித்திருந்தாள். உடனே தன் அடிவயிறு முட்டுவது ஞாபகத்துக்கு வந்தது. டெஸ்டுகள் ஆரம்பித்ததிலிருந்து இவளுக்கு இதே தொல்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், ஏதோ உள்ளே இருக்கிற இரண்டும் கோபித்துக்கொண்டு போய்விடாமல் உபசரிக்கிற மாதிரி. பிறகு பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடை. காலமெல்லாம் கர்த்தருக்கு எதற்கெல்லாமோ நன்றி சொல்லியிருக்கிறாள். பையன் ஜெபின் பாஸானதற்கு, புது வீட்டுக்கு, மழைக்கு, மழை நின்றதற்கு. எழுந்து போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வருகிறோமே, இதற்கு ஒரு நாளாவது சொன்னோமா? அக்கா அதை மறந்தே போய்ப் பல மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று அளந்து, ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துத் தாகத்தை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள். இங்கே இவள் பிரசங்கம் முடியட்டும் என்று காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. கோயிலில், அதுவும் கோயிலைக் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகையில், இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று அதற்கு அப்புறம் கூச்சமும் வந்தது.

"தேவன் அளந்து கொடுக்கிறவர் அல்ல பிரியமானவர்களே," என்றார் போதகர். இளைஞர், மைக்கைக் கண்டால் விடமாட்டார். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டுவந்த பையனைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான், ஆயிரமாயிரம் பேர் சாப்பிட்டார்கள், மிச்சம் கூடை கூடையாக வந்தது. சரி. வந்தது. ஆனால் அவனைக் கேட்டார்களா? ஹெப்சிபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தச் சந்தேகம் உண்டு. 'இங்கே ஒரு பையன் வைத்திருக்கிறான்' என்று பெரியவர்கள் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினால் பாவம் அவன் என்ன செய்வான்? அந்த அப்பத்தை விடியற்காலையில் எழுந்து சுட்டவள் ஒருத்தி இருப்பாளே, அவளை ஒரு பிரசங்கியாராவது சொன்னதுண்டா? மாவு பிசைந்து, மீனைக் காயவைத்து, பிள்ளை பசி தாங்கமாட்டான் என்று துணியில் முடிந்து அனுப்பியவள். கூடைகளைக் கழுவியதும் அவளைப் போல ஒருத்தியாகத்தான் இருக்கும். ஆனால் அவனுக்கு ஒரு சௌகரியம்: போனது அப்பம். மறுநாள் அம்மா வேறு சுடுவாள். எடுத்துக் கொடுத்தால் திரும்ப முளைக்காத சாமான் எதையும் அவனிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த தங்கபாய் முழங்கையால் இடித்தாள். ஹெப்சிபா பிறந்த இந்த ஊரிலேயே இருப்பவள், அவளோடு ஞாயிறு பள்ளியில் படித்தவள். "ஏட்டி, இவரு இந்தச் சாப்பாட்டை முடிக்கதுக்குள்ள நம்ம சாப்பாடு அடிப்பிடிச்சிரும் போலிருக்கே. மணத்தைப் பாத்தியா?" மணம் ஏற்கெனவே ஜன்னல் வழியாக வந்து எல்லார் மடியிலும் உட்கார்ந்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் அசனத்துக்கு ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கிறது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். வேதக்காரர்கள் மட்டுமில்லை, அம்மன் கோயில் பூசாரி வீட்டிலிருந்தும் வருவார்கள், பஸ் ஸ்டாண்டு டெய்லர் பாய் வருவார், யார் வந்தாலும் இலை உண்டு. அரிசியும் ஆடும் காயும் எல்லார் வீட்டிலிருந்தும் காணிக்கையாக வந்தவை. "மட்டன்ல உப்புத் தூக்கலா இருக்கும்னு மணமே சொல்லுது," என்றாள் ஹெப்சிபா, வாய் பழக்கத்தில். தங்கபாய் குலுங்கினாள். உப்பு. அக்காவுக்கு உப்பு ஆகாது. கறி ஆகாது, வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகவே ஆகாது. தேவன் அளந்து கொடுக்கிறவர் அல்ல என்கிறார் இவர். முன்னால் போய் அவளிடம் சொல்லட்டும்.

"உங்க கைப்பிடி அளவுதாம்மா இருக்கும்," என்று டாக்டர் சொல்லியிருந்தார், தன் கையை மடக்கிக் காட்டி. "கடவுள் தாராளமா ரெண்டு வச்சிருக்காரு. ஒண்ணே தாராளம்." அப்படியானால் இரண்டாவதை எதற்கு வைத்தார், கை தவறியா? ஒன்று போதுமென்றால் ஒன்றோடு நிறுத்தியிருக்கமாட்டாரா? கண் இரண்டு இருக்கிறதே, ஒன்று போதும் என்று கழற்றிக் கொடுக்கிறோமா? இடது பக்கத்தைத்தான் எடுப்பார்களாம். அது தெரிந்த நாளிலிருந்து இடது பக்கம் திரும்பிப் படுக்கப் பயமாக இருக்கிறது, வலது பக்கம் படுத்தால் இடதைத் தனியாக விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. இப்போதும் கைப்பைக்குக் கீழே ஒரு கையை நுழைத்து இடுப்புக்கு மேலே விலாவை ஒட்டி அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் வேலையைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று. வீட்டில் தன்னைப் போல. மயக்க மருந்து கொடுத்து எழுப்ப முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். தெருக்கோடி வீட்டு ஆசிரியைக்கு வெறும் குடலிறக்க ஆபரேஷன், எழவே இல்லை. எழுந்தாலும், மிச்சமிருக்கிற ஒன்றுக்கு ஏதாவது வந்தால்? சர்க்கரை வருகிற வயது. அதைவிட, நாளைக்கு ஜெபினுக்கு ஒன்று என்றால்? கோயம்புத்தூரில் ஹாஸ்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்கமாட்டான் அந்த மடையன். நாளைக்கு டாக்டர் அவனைக் காட்டி, "அம்மா, நீங்க கொடுக்கலாமே" என்றால், "ஐயோ, நான் ஏற்கெனவே கொடுத்துட்டேனே" என்று வெறுங்கையை விரிக்கவா? கில்பர்ட்டிடம் இதைக் கேட்டால், "உன் இஷ்டம்தான் ஹெப்சி. உன் உடம்பு, உன் அக்கா" என்பார். நல்ல மனுஷன். அந்த நல்லதனத்தில் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடையாது. வேண்டாம் என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே, அதற்குக்கூட உதவாத மனுஷன். காலையில் போன் வந்ததை அவரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

அக்காவும் கேட்கவில்லையே. அதுதான் எரிச்சல். கேட்டிருந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருப்பாள், முகத்தைத் தூக்கியிருப்பாள், பழைய சண்டை ஒன்றை எடுத்துத் தூசி தட்டியிருப்பாள், சண்டைக்கா பஞ்சம்? அப்பா அம்மா காலமான பிறகு கல்யாணம் கட்டாத அக்கா அந்த வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறாள், தங்கச்சிக்கு மட்டும் கூடுதலாக. 'இந்த வாயை அடக்குடி', 'ஜெபினை ஜெபத்துக்கு அனுப்பு', 'கர்த்தர் குறைவில்லாம நடத்துதார்.' ரத்தத்தை மிஷினில் போட்டுக் கழுவிக்கொண்டு படுத்திருக்கும்போதும் குறைவில்லாமல் நடத்துகிறாராம். அன்றைக்கு டாக்டர் அறையில், "சொந்தத்தில் யாராவது..." என்று டாக்டர் இழுத்தபோது, "யாரும் இல்ல டாக்டர், இப்படியே ஓட்டிருவேன்" என்றாள் அக்கா. பக்கத்தில் முழுசாக ஒரு தங்கச்சி உட்கார்ந்திருக்க, யாரும் இல்லையாம்! நர்ஸ் திரும்பி ஹெப்சிபாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான், "ஏன் இல்ல? நான் இருக்கேன்" என்று வாய் முந்திக்கொண்டது. வாய்தான் சொன்னது, மற்ற உறுப்புகளை அது கலந்தாலோசிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு டெஸ்டுக்கும் போகும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன ஜெபம் இருந்தது, உதடு அசையாத ஜெபம்: பொருந்தாமல் போகட்டும். பொருந்தாமல் போனால் நான் நல்லவள், அவள் சுகவீனி, கர்த்தர் சித்தம். மூன்று பேருக்கும் மரியாதை. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் பென்சிலால் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார், வாய் திறந்து சொல்வது மட்டும் பொய்யில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் திறக்காமல் இருப்பதும் பொய், இரண்டுக்கும் ஒரே அடிதான். அந்த அம்மாவுக்கு என்ன, குடும்பமா குட்டியா? கொடுக்க ஒரு அக்காவாவது இருந்தாளா?

பிரசங்கம் முடிந்திருந்தது. முடிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. தங்கபாய் பெருமூச்சு விட்டதில்தான் தெரிந்தது. காணிக்கைப் பாட்டு ஆரம்பித்து, பெண்கள் ஒவ்வொருவராகக் கைப்பிடி அரிசியை எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போனார்கள். தினமும் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனி டின்னில் போட்டுச் சேர்த்து வைக்கிற வழக்கம். பண்டிகைக்கு அது கோயிலுக்கு வந்துசேரும், அடுத்த அசனத்துக்கோ, இல்லாதப்பட்டவர்கள் வீட்டுக்கோ போகும். எவர்சில்வர் தூக்கு, துணிப்பை, ஒருத்தி அழகாக ஜரிகை கட்டிய டப்பா. ஹெப்சிபாவும் எழுந்து தன் பையைக் கொண்டுபோனாள். நல்ல பொன்னி அரிசி, நிறையவே. ஆனால் இவள் எடுக்கிற முறை வேறு. சமையலுக்கு வேண்டியதை உலையில் போட்டுவிட்டு மூட்டையிலிருந்து தாராளமாக ஒரு பிடி அள்ளி டின்னில் போடுவாள். யாருடைய தட்டும் குறையாது. அம்மா அப்படி இல்லை. அம்மாவுக்கு அளந்தபிறகுதான் பிடி. நாலு பேருக்கு உழக்கில் அளந்து முறத்தில் கொட்டுவாள், கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாள், பிறகு அந்த அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியை எடுத்துப் பழைய பிஸ்கட் டின்னில் போடுவாள். மூட்டை என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், சம்பளம் வந்தால் அரிசி, வராவிட்டால் மரச்சீனிக் கிழங்கு. "மிஞ்சினதை எடுத்துக் குடுக்கதுக்குக் கர்த்தர் என்ன நம்ம வீட்டுக் கோழியா?" என்பாள் அம்மா. எல்லாரும் ஒரு வாய் குறைத்துச் சாப்பிடுவோம், அதுதான் காணிக்கை. எல்லாரும். ஹெப்சிபா பையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு நிமிரும்போது அந்த வார்த்தையில் சேலை முள்ளில் மாட்டிய மாதிரி மாட்டிக்கொண்டாள். எல்லாரும் என்றால் யார்? அப்பா தட்டு குறைந்ததாக ஞாபகமில்லை. ஆம்பளை, வெயிலில் நடந்து வருகிறவர். தன் தட்டு? கான்வென்ட்டுக்குப் போகிற பிள்ளை, மெலிந்தவள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. பசித்ததாக ஒரு ராத்திரிகூட அவளுக்கு ஞாபகமில்லை. அம்மா பானையைச் சுரண்டித் தின்றது ஞாபகம் இருக்கிறது. அக்கா? அக்காவுக்கு வயிறு சரியில்லை. ஆமாம், அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். லீதியாளுக்கு வயிறு சிறுசு, ராத்திரிக்கு ஆகாது, சோறு ஊறிய நீத்தண்ணி குடித்தால் போதும் அவளுக்கு. சொந்தக்காரர்கள் வந்தாலும் அம்மா அப்படித்தான் சொல்வாள். அப்பா ஒரு தடவை ஓமத்திரவம்கூட வாங்கி வந்தார்.

இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆசீர்வாத ஜெபத்துக்குத் தலை குனிந்தாள். குனிந்த தலைக்குள் கான்வென்ட் தோழி ஸ்டெல்லா வந்து நின்றாள், வரச் சொல்லாமலேயே. டவுன் பிள்ளை, டாக்டர் வீட்டுப் பிள்ளை. ஒரு பண்டிகைக்கு ஆசைப்பட்டு இந்த ஊருக்கு வந்திருந்தாள். அசனத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி, இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் அடுத்த பந்தியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா இங்கிலீஷில் கேட்டாள்: "அது உன் அக்காதானே? நம்மளோட சாப்பிட்டாங்களே. மறுபடியும் உட்கார்ந்திருக்காங்க?" பந்தி நடுவில் அக்கா. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைத் தூக்காமல், மலை மாதிரி சோற்றை வைத்துக்கொண்டு. ஹெப்சிபாவுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு வருஷமும் இதே கூத்துதான், முதல் பந்தியிலும் உட்காருவாள், இரண்டாம் பந்தியிலும் உட்காருவாள், ஊரே சிரிக்கும், 'வாத்தியார் மக வந்துட்டா, சோத்துக் கடகத்தைக் கொண்டா' என்று. "அது என் கசின்," என்று ஸ்டெல்லாவிடம் சொன்னாள். இவ்வளவு காலமும் இந்த ஞாபகம் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தால் வெட்கம், உள்ளே வைத்துப் பூட்டு. இன்றைக்கு எடுத்தபோது அதற்கு வேறு முகம் இருந்தது. வயிறு சிறுத்தவள் எப்படி இரண்டு பந்தி சாப்பிட்டாள்? ஹெப்சிபா கண்ணைத் திறந்துவிட்டாள். போதகர் இன்னும் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். இரண்டு பெஞ்சுக்கு முன்னால் அந்தப் பிடரி, நரைத்து, மல்லிகைப்பூ வாடி, அசையாமல் குனிந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள். யாரும் அளக்காத ஒரு நாள்.

கொட்டகையில் ஓலைப்பாய் விரித்துச் சோற்றைக் கொட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்குக் குவியல், ஆவி மேலே தகரத்தில் முட்டித் திரும்பியது. பின்பக்கம் போய்விட்டு வந்ததில் ஹெப்சிபாவின் அடிவயிறு லேசாகியிருந்தது, நெஞ்சு ஆகவில்லை. போதகர் குவியலுக்கு முன்னால் நின்று ஜெபித்தார், இந்தத் தடவை சுருக்கமாக, அவருக்கும் பசி. டெய்லர் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அமைதியாக நின்றார். ஒரு குழந்தை குவியலைப் பார்த்து, "இவ்ளோ சோறா!" என்றது, ஆமென் சொல்வதற்கு முன்னாலேயே. பந்தியில் தங்கபாய் இடம் பிடித்து வைத்திருந்தாள். மணலில் பாய், பாய்மேல் இலை. ஹெப்சிபா உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்தில் வைத்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்; துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். சாயங்காலத்துக்குள். இன்னும் நேரம் இருக்கிறது. தெரிந்தது தெரிந்ததாக இருக்கட்டும், சின்ன வயது சோற்றுக்கும் இந்தச் சங்கதிக்கும் என்ன சம்பந்தம், சோற்றுக்குச் சோறு, அதுக்குப் போய்... ஜெபினுக்கு நாளைக்கு... மயக்க மருந்து... கோஆர்டினேட்டர் பெண்ணின் பஞ்சுக்குரல்... எண்ணங்கள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரே கம்பத்தில் முட்டின. பந்தியின் கோடியிலிருந்து ஒரு அதட்டல் கேட்டது. "என்ன போதும்? கொறிக்கவா வந்த?" அக்காதான். நோய்க்காரி என்று யாராவது உட்காரச் சொன்னால் கேட்பாளா? கனமானதைத் தூக்கக் கூடாத கையோடு பரிமாற வந்துவிட்டாள். தூக்குவதற்குத்தான் கில்பர்ட் இருக்கிறாரே. வேட்டியை மடித்துக் கட்டி, தலைமுடி வேர்வையில் ஒட்ட, பனையோலைக் கடகத்தில் சோற்றைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் வந்துகொண்டிருந்தார். அக்கா வலது கையில் தட்டால் அள்ளி அள்ளி இலைகளில் சரித்தாள். அவள் அள்ளித் தின்ன முடியாத சோறு, தொட முடியாத குழம்பு. முகத்தில் அப்படி ஒரு மும்முரம்.

அவர்கள் ஹெப்சிபாவின் இலைக்கு வந்தார்கள். ஒரு தட்டு விழுந்தது. "போதும்க்கா," என்றாள். "இது என்னட்டி, கோழிக்குஞ்சுக்குப் போட்ட மாதிரி? தம்பி, கடகத்தைச் சாய்ங்க." "மதினி, அவ டயட்ல இருக்கா," என்றார் கில்பர்ட் மூச்சு வாங்கியபடி. "அசனத்துல என்ன டயட்டு?" இன்னொரு தட்டு. சோறு இலையின் நரம்பைத் தாண்டிச் சரிந்து பாயில் சிந்தியது. அக்கா சிந்தியதை எடுக்கக் குனிந்து இடது கையை நீட்டினாள், முந்தானை விலகியது. ஹெப்சிபா அந்தக் கையைப் பிடித்தாள். பிடிப்பாள் என்று அவளே நினைக்கவில்லை. விரலுக்குக் கீழே அந்தத் தடித்த நரம்பு உறுமிக்கொண்டிருந்தது, தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி, இடைவிடாமல், யாரையும் பயமுறுத்தாமல். "ஏட்டி, விடு. அந்தக் கையை அமுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவ." ஹெப்சிபா அழுத்தத்தைத் தளர்த்தினாள், விடவில்லை. "அக்கா, சின்னதுல ராத்திரிச் சாப்பாட்டுக்கு வயிறு சரியில்லம்பியே. பொய்தானே?"

"பந்தியில வச்சுக் கேக்கக் கேள்வியா இது? பின்னால ஆளு நிக்காங்க."

"பொய்தானேன்னு கேட்டேன்."

அக்கா அடுத்த இலையைப் பார்த்தாள். குழம்பு வாளி எங்கே வருகிறது என்று பார்த்தாள். "அம்மா அளந்ததுலருந்துல்லா எடுப்பா," என்றாள், மழை வருமா வராதா என்று சொல்கிற குரலில். "யாருக்காவது ஒருத்தருக்கு வயிறு வலிச்சுத்தான் ஆகணும்."

ஹெப்சிபாவுக்கு அழுகை பிடிக்காது. அழுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. "எல்லாம் பொருந்திருச்சு," என்றாள், திட்டுகிற மாதிரி. "காலையிலேயே போன் வந்துட்டு. எடுத்து உனக்கு வைக்கலாமாம்." சொல்லியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்கு இனி உட்கார இடமில்லை. மேலே கில்பர்ட்டின் கையில் கடகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது; தங்கபாய் வாயில் வைத்த அப்பளத்தைக் கடிக்காமல் நிறுத்தினாள். உறுமல் மட்டும் நிற்கவில்லை. பயமும்தான், அது அவள் விலாவுக்குள் இடது பக்கம், தன் பாட்டுக்கு, முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

"நான் வேண்டாம்னு சொன்னேம்லா," என்றாள் அக்கா கடைசியில். "உனக்குப் பிள்ளை இருக்கான்."

"எனக்குத் தெரியாதா பிள்ளை இருக்கான்னு? பயமாத்தான் இருக்கு. செத்தாலும் செத்துருவேன்னு காலையிலருந்து நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உன்கிட்ட யாரு இப்போ சம்மதம் கேட்டா?"

அக்கா கையை மெல்ல உருவிக்கொண்டாள். முந்தானையை இழுத்து அதை மூடினாள். தட்டைக் கடகத்தில் விட்டு அள்ளி, அள்ளியதைப் போட மறந்து, ஹெப்சிபாவின் இலைமேல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆவி இரண்டு முகத்துக்கும் நடுவில் ஏறியது. "பேசாமத் தின்னுட்டி," என்றாள். "ஆறிரும்." அந்தத் தட்டும் விழுந்தது.

இலையில் மலை மாதிரி சோறு. ஹெப்சிபா பின்னால் வந்த குழம்பை வாங்கிப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். சுட்டது. உப்பு சரியாகத்தான் இருந்தது. அக்கா பக்கத்து இலைக்கு நகர்ந்திருந்தாள், அங்கே தங்கபாயிடம், "என்ன போதும்?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள், குரல் மட்டும் கொஞ்சம் கம்மிப்போய்.